இடது கன்னத்தைத் தரிசு போட்டவர்

அனுப்புநர்:
சோ. செல்லக்கிளி, க/பெ. சோலைச்சாமி,
சத்துணவு அமைப்பாளர்,
கிழக்குத் தெரு, திருச்சுழி வட்டம்.

பெறுநர்:
வட்டார மருத்துவ அலுவலர் அவர்கள்,
அரசு ஆரம்ப சுகாதார நிலையம்.

பொருள்: சதைப் பரிசோதனைக்கு வராமல் மூன்று முறை ஏமாற்றிய என் கணவரை முத்திரையிட்ட கடிதம் அனுப்பி வரவழைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி சோலைச்சாமி, வயது 54, மானாவாரி விவசாயி. இருபத்தெட்டு வருடமாக அவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை. மனுவில் எழுதாமல் தீராது என்பதால் எழுதியிருக்கிறேன். நல்ல மனிதர். விடிந்ததும் வெற்றிலை பாக்கோடு புகையிலையை இடது கன்னத்தில் அதக்கினால், நாள் முழுக்க நான் கேட்கும் எதற்கும் 'ம்' என்பதே பதில்.

2. கடந்த ஆடியில் எங்கள் பள்ளியில் நடந்த முகாமில் பல் மருத்துவர் அம்மா அவரைப் பார்த்தார்கள். மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் இரண்டுதான் நுழைந்தது. இடது கன்னத்தின் உள்ளே வெள்ளைப் படை. சதையைத் தாங்கிப் பிடிக்கும் இணைப்புத் திசுவின் செல்களைப் புகையிலை மாற்றிவிடும், அப்படி மாறிய செல்களே புற்றுநோய் வளர இடம் கொடுக்கும் என்று விளக்கினார்கள். விவசாயிக்குப் புரியட்டும் என்று, "புற்று விதை மாதிரி, அந்தச் செல்லெல்லாம் நிலம் மாதிரி. நிலத்தைக் கெடுத்து வச்சிருக்கீங்க" என்றும் சொன்னார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை.

3. என் கணவருக்கு நன்றாகவே புரிந்தது. வீட்டுக்கு வந்ததும் புகையிலையை வலது கன்னத்துக்கு மாற்றிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "இந்தா பாரு, எடது பக்கத்தத் தரிசாப் போட்டிருக்கேன். ஒரு வெள்ளாமைக்கு ஆறப்போட்டா நெலம் தானாத் தேறிரும்" என்றார். தெருவில் இன்னும் இரண்டு பேர் இந்த முறையைப் பின்பற்றுவதாகக் கேள்வி.

4. சதை எடுத்துச் சோதிக்க மூன்று முறை நாள் குறித்துக் கொடுத்தார்கள். முதல் முறை உழவு என்றார். அடுத்த முறை ஆட்டுக்குச் சுகமில்லை. மூன்றாம் முறை நானே பஸ் ஏற்றிவிட்டேன். அருப்புக்கோட்டையில் இறங்கி, ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் மிளகாய் விதை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

5. இப்போது என் குழம்பு எரிகிறதாம். மிளகாயே போடாமல் வைத்தாலும் எரிகிறது என்கிறார். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு கம்பங்கூழ் குடித்த மனிதர் இவர். போன வாரம் கொட்டாவி விட்டபோது எட்டிப் பார்த்தேன். வலது கன்னத்திலும் வெள்ளை தெரிகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

6. நான் சொன்னால் கேட்க மாட்டார். வட்ட முத்திரை குத்திய காகிதம் சொன்னால் கேட்பார். பயிர்க் காப்பீட்டுக் கடிதம் வந்தபோது, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு தாலுகா ஆபீஸ் திறக்குமுன் போய் நின்றவர். ஆகவே அவர் பெயருக்கு நாளும் நேரமும் குறித்து, புகையிலையை இரண்டு கன்னத்திலும் அடியோடு நிறுத்த வேண்டும் என்ற வரியையும் சேர்த்து, இந்த வாரமே ஒரு கடிதம் அனுப்ப வேண்டுகிறேன். ஒரு மழை விழுந்துவிட்டால் விதைக்கப் போய்விடுவார்.

மனு கொடுத்தது நான்தான் என்று தெரிந்தால் ஒரு மாதம் என்னோடு பேச மாட்டார். பேச வேண்டாம் ஐயா, இருந்தால் போதும்.

நாள்: 29.09.2025
இடம்: திருச்சுழி

தங்கள் கடிதத்தை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) சோ. செல்லக்கிளி