மஞ்சளாக மாறிய நம் கரும்பு

அப்பா,

வேங்கிக்கால் பஸ் நிறுத்தத்தில் இன்று கரும்புச்சாறு வண்டிக்காரர் ஒரு கழியைப் பிளந்து பார்த்துவிட்டு ஓரமாக எறிந்தார். உள்ளே சிவப்பு, நடுநடுவே வெள்ளைத் திட்டு, புளித்த வாடை. செவ்வழுகல் நோய். நீங்கள் எங்களை விட்டுப் போய் இரண்டு வருடமாகிறது. உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

நீங்கள் இருந்தபோது, நான் கரும்பு நோய்ப் பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்த புதிது. கரும்புச் சாற்றைச் சிறு குழிகள் உள்ள தட்டில் விட்டு, செவ்வழுகல் பூஞ்சையை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளையும், பிறகு நிறம் காட்டும் திரவத்தையும் சேர்ப்போம். பூஞ்சை இருந்தால் குழி மஞ்சளாகும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத கரும்பு ஒன்று தேவைப்பட்டது. வெளியில் கேட்கக் கூச்சப்பட்டு, கீழ்பென்னாத்தூரில் நம் கழனியிலிருந்தே வெட்டிக்கொண்டு போனேன். நம் கரும்புக்கு நோய் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தக் குழிதான் முதலில் மஞ்சளானது. நான் கை கழுவவில்லை என்று கூட இருந்தவர்கள் கேலி செய்தார்கள். புதுத் தட்டில் இன்னும் இரண்டு முறை செய்தேன். நம்முடையது மஞ்சளாகவே வந்தது.

ஊருக்கு வந்தபோது, தன் கழனியில் நட நம் கரும்பை விதைக்கரணையாக ஏற்றிப் போக மாமா வண்டியோடு நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் ஐந்து கழியைப் பிளந்து போட்டீர்கள். எல்லாம் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"எங்க இருக்குதும்மா நோவு?"

"இன்னும் கண்ணுக்குத் தெரியாதுப்பா."

மாமா சிரித்தார். "இன்னா மச்சான், குடுக்க மனசில்லனா நேரா சொல்லேன். பொண்ண ஏன் பேச வெக்கிற?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "எத்தினி வாட்டி பாத்த?"

"மூணு வாட்டி."

"வண்டிய திருப்பிக்க மச்சான். வேற எடத்துல நானே பாத்து வாங்கித் தரேன்."

மாமா பொங்கல் வரை நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. நீங்கள் கரும்பை ஆலைக்கு அனுப்பி, அடிக்கட்டையை உழுது, நெல் நட்டீர்கள். வரப்போரம் நாலு கரும்புத் தூர் தப்பித் துளிர்த்து, அடுத்த மழைக்காலத்தில் தோகை காய்ந்து நின்றது. ஒன்றைப் பிளந்து மாமாவுக்குக் காட்டினீர்கள். உள்ளே சிவப்பு.

"பொண்ணு கரெக்டாத்தான் சொல்லிக்கிது," என்றார் மாமா.

"எங்கிட்ட ஏன் சொல்ற? அதுகிட்ட சொல்லு."

மாமா தயங்கித் தயங்கி, தன் கரணையையும் பார்த்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார்.

நாளை செங்கம் பக்கத்தில் விவசாயிகள் கூட்டம். நடுவதற்கு முன் கரணையைச் சோதிக்கச் சொல்லி நான் பேச வேண்டும். வெள்ளைக் கழியைப் பிளந்து காட்டி யாராவது சிரிப்பார்கள். கூச்சம் இன்னும் போகவில்லை அப்பா. ஆனால் கழி வெள்ளையாக இருந்த அன்றைக்கே நீங்கள் என்னை நம்பினீர்கள். அது போதும், பேசிவிடுவேன்.