திலக் நகரிலிருந்து தாராவிக்கு ஒரு கீபோர்டு

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து மழை. மாவுக்கட்டுக்குள் அரிப்பு. ஸ்கேலை விட்டுச் சொறிந்தேன்.

குர்லா ஸ்டேஷன் படியில் வழுக்கிக் கால் ஒடிந்து இன்றோடு பத்து நாள். திலக் நகரில் எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. தாராவி சர்ச்சில் பத்தொன்பது வருடமாக நான்தான் கீபோர்டு. போன ஞாயிறு பென் டிரைவில் இருந்த இசையைப் போட்டுப் பாடினார்களாம். பாஸ்டர் ஐயா போனில், "ஜனங்களுக்கு வித்தியாசமே தெரியல சிஸ்டர்" என்றார். ஆறுதல் சொல்கிறாராம். வீட்டிலிருந்தே வாசிக்கிறேன், ஒரு ஞாயிறு கொடுங்கள் என்று கெஞ்சினேன். அது சரியாக வராவிட்டால் இனி எப்போதும் பென் டிரைவ்தான். கமிட்டி முடிவு.

சாயங்காலம் கொழுந்தன் எபி வந்தான். குர்லாவில் ஸ்பீக்கர் ரிப்பேர் பார்க்கிறவன். என் கீபோர்டை லேப்டாப்பில் மாட்டினான். "சத்தம் போவாது மைனி. எந்தக் கட்டையை அமுக்குனீங்க, எப்பம் கைய எடுத்தீங்கன்னு தாக்கல் மட்டும், வெறும் சேதியா நெட்ல போவும். அங்க உள்ள கீபோர்டு அதைப் பாத்து வாசிச்சிரும்."

புரிந்த மாதிரி தலையாட்டினேன்.

ஜூலை 10, வியாழன்

மழை. ஒத்திகை. பாடகர் குழு சர்ச்சில், நான் இங்கே. அவர்கள் பாடுவது போனில் கேட்கிறது, ஆனால் தாமதமாக. நான் வாசிப்பதும் அங்கே தாமதம். நான் அவர்களுக்காக நின்றேன், அவர்கள் எனக்காக நின்றார்கள். நாலு நிமிடப் பாட்டு ஏழு நிமிடம் ஓடியது. குழுவில் மூத்தவள் கிரேஸ் அக்கா, "ஏளா ஜெசி, தூங்கிட்டியாளா?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அது மட்டும் தாமதமில்லாமல் கேட்டது.

என் வீட்டுக்காரர் வேறு, ஹாலில் ஒயர் தடுக்கி விழப் பார்த்தார். "காலு ஒடிஞ்சா சும்மா கெடக்கணும். நீ இல்லன்னா கோயில் ஓடாதாக்கும்?"

அதுதான் என் பயமே. இவரிடம் எப்படிச் சொல்வது.

ஜூலை 12, சனி

நெட் இல்லை. கேபிள்காரன் "ஆதா கண்டா" என்றான், அரை மணி நேரமாம். நாலு மணி நேரம் கழித்து வந்தான்.

எபியின் புது யோசனை: "நீங்க எங்களைக் கேக்கவே வேண்டாம் மைனி. போனைக் கட் பண்ணிட்டு நீங்க பாட்டுக்கு வாசிங்க. நாங்க பின்னால பிடிச்சு வாறோம். ஒவ்வொரு பாட்டுக்கும் மிஸ்டு கால் குடுப்பேன், ஆரம்பிச்சிருங்க."

மிஸ்டு காலில் ஆராதனை. என் தலையெழுத்து.

நாளைக்கு: சார்ஜர். காலுக்குத் தலையணை. குக்கர் வைக்கக் கூடாது, விசிலில் மிஸ்டு கால் கேட்காது. இவரை ஒயர் பக்கம் விடக் கூடாது.

ஜூலை 13, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. நெட் இருக்கிறது.

நாலு மிஸ்டு கால், நாலு பாட்டு. ஒரு குரல்கூடக் கேட்காமல் வாசித்தேன். பூட்டிய வீட்டில் உட்கார்ந்து பேசுவது மாதிரி. மூன்றாவது பாட்டு முடிந்து நீண்ட ஜெபம். நொண்டிக்கொண்டே அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து நாலாவதை வாசித்தேன்.

ஆராதனை முடிந்ததும் எபி. குரலே சரியில்லை. "மைனி, மூணாவது பாட்டு கடைசியில ஒரு கட்டையில இருந்து நீங்க கைய எடுத்த தாக்கல் மட்டும் வந்து சேரல. ஜெபம் முழுக்க அந்த ஒரு கட்டை ஊதிக்கிட்டே கெடந்துச்சு. ஒயரை உருவினா டமார்னு சத்தம் வருமேன்னு பயந்து சும்மா நின்னேன்." நாலாவது பாட்டில் நான் அதே கட்டையைத் தொட்டு எடுத்த பிறகுதான் நின்றதாம்.

தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். பத்தொன்பது வருடம் போச்சு.

மூன்று மணிக்குப் பாஸ்டர் ஐயா. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், விடவில்லை.

"சிஸ்டர், ஜெபத்துக்கு அடியில ஒரே சுரத்தைப் பிடிச்சு வச்சிருந்தீங்களே, நெறைய பேர் அழுதுட்டாங்க. கமிட்டியே பென் டிரைவ் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அடுத்த வாரமும் அப்படியே வாசிங்க."

இத்தனை வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. நான் அந்த நேரம் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"சரிங்க ஐயா" என்றேன். போனை வைத்துவிட்டு அழுதேன். எரிச்சலில்தான்.