தொட்டுப் பார்க்க ஓர் அறை

தென்காசி,
ஜூன் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சங்கரேஸ்வரி எழுதுவது. இங்கே நான் நலம். கோயம்புத்தூரில் நீங்களும், மகள் அபர்ணாவும், மாப்பிள்ளை முத்துகுமரனும் நலமாக இருக்க இலஞ்சிக் குமாரரை வேண்டிக்கொள்கிறேன்.

போனில் கூப்பிட்டால் ‘ம்’ என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு அபர்ணாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். ஆனால் பொங்கலுக்கு நான் போட்ட கடிதத்தை மட்டும் மறுபடியும் வாசிக்கச் சொன்னீர்களாம். அவள்தான் சொன்னாள். அதனால் இனிமேல் கடிதம்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அபர்ணா, நிறுத்தி நிதானமாக வாசி. அப்பாவுக்குப் பிடிக்காத இடம் வந்தால் தாவிப் போய்விடாதே. அப்படி ஓர் இடம் கடைசியில் இருக்கிறது.

சீசன் தொடங்கிவிட்டது. நாலு நாளாகச் சாரல் விடவில்லை. துவைத்த துணி எதுவும் காயவில்லை. வீட்டுக்குள் கொடி கட்டி, ஃபேன் போட்டு, அதற்கடியில் நான் குனிந்து குனிந்து நடக்கிறேன். ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறது. நம் வடகரைத் தோப்பில் போன வாரம் யானை இறங்கி ஏழெட்டுத் தென்னங்கன்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டதாம். தோப்பைப் பார்த்துக்கொள்கிற சுடலையாண்டி போன் செய்தான். “அண்ணாச்சி கேட்டா சங்கடப்படுவாக, சொல்லாதீங்க” என்றான். நான் சொல்லிவிட்டேன். உங்களிடம் எதையும் மறைத்துப் பழகவில்லை, இப்போது மட்டும் எதற்கு?

எங்கள் மியூசியத்தில்தான் இந்த வருஷம் வேலை அதிகம். சீசனுக்கு இங்கே வருகிற கூட்டம் எப்படியென்று உங்களுக்குத் தெரியும். அருவியில் குளித்துவிட்டு, மழை பிடித்துக்கொண்டால் ஒதுங்க இடமில்லாமல் ஈரத் துண்டோடு உள்ளே வருவார்கள். நான் டிக்கெட் கொடுப்பதா, தரையைத் துடைப்பதா என்று தெரியாமல் நிற்பேன். போன மாதம் அப்படித்தான் ஒரு கணவன் மனைவி வந்தார்கள். அந்த அம்மாவுக்குப் பார்வை இல்லை. கணவர் ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டியாக நின்று, எழுதி வைத்திருப்பதைச் சத்தமாக வாசித்தார். அவள் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்து, வாசித்து முடிகிறவரை எடுக்காமல் நின்றாள். தொடக் கூடாது என்று போர்டு இருக்கிறது. நான் போய்ச் சொல்லவில்லை. எங்கள் காப்பாட்சியர் லோகநாயகி மேடமும் மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மறுநாள் காலையிலேயே எங்களை எல்லாம் கூப்பிட்டு, “கையால தொட்டுப் பாக்குத மாதிரி ஒரு அறை செய்வோம்” என்றார்.

அந்த அறையை ஆடி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை திறக்கப் போகிறோம். முதுமக்கள் தாழி ஒன்றை அதே அளவில் வனைந்து வாங்கியிருக்கிறோம். அதன் பக்கத்தில் பழைய தாழியின் நிஜ ஓட்டுத் துண்டுகளும் இருக்கும். குதிரை மேல் போகிற வீரனுடைய நடுகல் நகல், தேரில் இருந்த மரச் சிற்பம், நெல் அளக்கிற மரக்கால், ஏரில் மாட்டுகிற இரும்புக் கொழு எல்லாம் உண்டு. திறந்த மறு வாரம் பள்ளிப் பிள்ளைகள் களிமண்ணில் பானை பிடிக்கிறார்கள். அதற்கடுத்து சிற்றாற்று அணைக்கட்டுகளைப் பற்றி ஒரு பேச்சு. ஆவணியில் வீடு வீடாகக் கேட்டு வாங்கிய பழைய போட்டோக்கள் வைக்கிறோம். பாவூர்சத்திரம் சந்தைப் படம் ஒன்று வந்திருக்கிறது. உங்கள் பழைய காய்கறிக் கமிஷன் கடைக்கு நேர் எதிரில் நின்று எடுத்தது.

இப்போது அந்தப் பிடிக்காத இடம். அறையைத் திறப்பதற்கு முன்னால், பார்வை இல்லாதவர்கள் இரண்டு மூன்று பேர் வந்து தொட்டுப் பார்த்துச் சொன்னால் நல்லது என்று மேடம் கேட்டார். பாளையங்கோட்டையிலிருந்து உலகம்மாள் என்று ஒரு டீச்சர் வருகிறார். இன்னொருவர் வேண்டும். நான் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

கேட்காமல் கொடுத்தது தப்புதான். கேட்டிருந்தால் ‘ம்’ என்று சொல்லியிருப்பீர்கள், அது எந்த ‘ம்’ என்று எனக்குத் தெரிந்திருக்காது. என் வீட்டுக் கீழ் அறை காலியாகத்தான் கிடக்கிறது. யோசித்து, அபர்ணாவை எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் அன்புத் தங்கை,
சங்கரேஸ்வரி


கோயம்புத்தூர்,
ஜூன் 16

அன்புள்ள அத்தைக்கு,

அபர்ணா எழுதுகிறேன். அப்பா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். நான் திருத்தினால் “நான் சொன்னதையா எழுதுத?” என்று கோபம் வருகிறது. அதனால் அப்படியே இருக்கிறது.

‘ஏட்டி சங்கரி, நல்லா இருக்கியா. உன் கடுதாசி வந்துது. மியூசியத்துல எதை எதையோ வச்சிருக்கீங்க, இப்ப என்னையும் கொண்டுபோய் வைக்கணுமோ? வாரவன் போறவன்லாம் இவருக்குக் கண்ணு தெரியாது, எப்படித் தடவுதார் பாருன்னு நிக்கணும். அதுக்கு நீ டிக்கெட் கிழிச்சுக் குடுப்பே. என் பேரை எடுத்துரு.

‘தாழியில தொட்டுப் பாக்க என்ன இருக்கு. செத்தவங்களை வச்சுப் பொதைச்ச பானை. எனக்கு இப்ப அதைத் தடவித்தான் தெரியணுமா. கோவப்படுதேன்னு நினைக்காதே. நீ நல்லதுக்குத்தான் சொல்லுதே, தெரியும். இங்கன இவங்க ரெண்டு பேரும் என்னை நல்லாத்தான் வச்சிருக்காங்க. மக வீட்டுல உக்காந்து சாப்பிடுதது ஒண்ணுதான் உறுத்துது. அதை விடு.

‘தண்ணி நல்லா விழுதுன்னு எழுதியிருக்கே. நாலஞ்சு வருசமாச்சு அருவித் தண்ணி தலையில பட்டு. உங்க மதினி இருக்கும்போது கடைசியாக் குளிச்சது. குளிக்கதுன்னா வருதேன். குளிக்கதுக்கு மட்டும். மியூசியம் பக்கம் கூப்பிட்டா அப்படியே திரும்பிருவேன்.’

இவ்வளவுதான் அத்தை, அப்பா சொன்னது. மேலே உள்ளது என்னுடையது. (கீழே என்று எழுத வேண்டும், அவசரம்.) கண்ணில் பிரஷர் ஏறி, பார்வை வட்டம் சுருங்கிச் சுருங்கிப் போன அந்த வருஷத்திலிருந்து அப்பா ஆஸ்பத்திரி தவிர வேறு எதற்கும் வாசல் தாண்டியதில்லை. அம்மா நினைவு நாளுக்குக் கோயிலுக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. நானும் அவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம், நான் என்ன கேட்டாலும் ‘சரிம்மா’ என்கிறார். எனக்கு அந்தச் ‘சரிம்மா’வைக் கேட்டால் அழுகை வருகிறது. சண்டை போட்டாலும் பரவாயில்லை என்று இருக்கிறது. உங்கள் கடிதத்துக்குத்தான் சண்டை போட்டார். உங்களுக்கு நன்றி.

குளிக்க வருகிறேன் என்றதே எனக்குப் போதும். லீவு சொல்லிவிட்டேன். கொண்டுவந்து விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை இரவு பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவேன்.

உங்கள் அபர்ணா


தென்காசி,
ஜூலை 5

செல்ல மருமகள் அபர்ணாவுக்கு,

அத்தை எழுதுவது. நேற்று போனில், அப்பா இங்கேயே கொஞ்ச நாள் இருக்கிறேன் என்கிறார் என்று நான் சொன்னதும், “சரி அத்தை” என்று வைத்துவிட்டாய். அப்பனும் மகளும் ஒரே மாதிரிதான் ‘சரி’ சொல்கிறீர்கள். அதற்குமேல் போனில் பேச எனக்கும் வரவில்லை. நடந்ததை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ பஸ் ஏறிய மறுநாள் காலையிலேயே அப்பா எழுந்து, தலையில் எண்ணெய் தேய்த்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தயாராகிவிட்டார். ஆட்டோக்காரன் காமராஜை வரச்சொன்னேன். மியூசியத்துக்கும் அன்று விடுமுறைதான். வழியெல்லாம் மழை. ஐந்தருவிக்குப் போனால், தண்ணீர் கூடிவிட்டது, குளிக்கத் தடை என்று போலீஸ் கயிறு கட்டியிருக்கிறார்கள். மெயின் அருவியிலும் அப்படியே. அப்பா ஆட்டோவை விட்டு இறங்கி, மழையிலேயே நின்று, விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். எண்ணெயும் மழையுமாக முகத்தில் வழிந்தது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. இத்தனை நாள் கழித்து ஒன்று கேட்டார், அதுவும் இல்லை என்றாகிவிட்டது.

மழை இன்னும் வலுத்தது. ஒதுங்க வேறு இடம் இல்லை. “மியூசியம் வராந்தாவுல கொஞ்சம் உக்காருவோம், உள்ள போக வேண்டாம்” என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். காமராஜ் அங்கே கொண்டுபோய் விட்டான்.

நல்ல வேளையோ கெட்ட வேளையோ, கூட்டம் இல்லாத விடுமுறை நாள் என்று மேடம் உலகம்மாள் டீச்சரை அன்றுதான் வரச்சொல்லியிருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். நல்ல பேச்சுக்காரர். வராந்தாவை ஒட்டித்தான் அந்தப் புது அறை. கதவு திறந்திருந்தது. டீச்சர் தாழியைத் தடவிக்கொண்டே, இது என்ன நிறம் என்று கேட்டார். லோகநாயகி மேடம் உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு என்றார். டீச்சர் சிரித்தார். “எல்லாரும் இதைத்தான் சொல்லுதீங்க. கறுப்புன்னா எனக்கு என்ன மேடம், செவப்புன்னா எனக்கு என்ன? பேருதான் தெரியும்” என்றார். மேடம் பாவம், வாசல் வழியே என்னைப் பார்த்தார்.

வராந்தா நாற்காலியிலிருந்து உன் அப்பா பேசினார். “செவப்புன்னா, சித்திரை மாசம் மத்தியானம் செருப்பில்லாம தார் ரோட்டுல கால வச்சா ஏறுமே, அது.”

டீச்சர் குரல் வந்த பக்கம் திரும்பினார். “அப்ப கொதிக்கக் கொதிக்க சாம்பார் குடிச்சா, அதுவும் செவப்பா?” என்று கேட்டார்.

“கொஞ்சம் செவப்புதான்” என்றார் அப்பா.

“கறுப்பு?”

“கிணத்துப் படியில எறங்கும்போது, கீழ போகப் போகத் தோள்ல வந்து ஒரு குளிர்ச்சி ஒட்டும்லா. அது.”

“நீங்க யாரு அண்ணாச்சி? பார்வை உள்ளவங்க இப்படிச் சொல்ல மாட்டாங்களே.”

“இருந்துது. இப்ப இல்ல.”

அபர்ணா, அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. நீ கேட்டிருக்கிறாயா? டீச்சர் ஐயோ பாவம் என்றெல்லாம் சொல்லவில்லை. “அப்படின்னா நீங்க ரெண்டும் தெரிஞ்சவரு. உள்ள வாங்க, எனக்கு நிறையக் கேக்கணும்” என்று சாதாரணமாகச் சொன்னார். அப்பா எழுந்தார். நான் கையைப் பிடிக்கப் போனேன். மேடம் வேண்டாம் என்று எனக்குத் தலையசைத்தார். அப்பா சுவரைத் தொட்டுக்கொண்டே தானாகப் போனார். கதவு நிலையில் தோள் இடித்தது. நின்று, நகர்ந்து, உள்ளே போய்விட்டார். மியூசியத்துக்கு வர மாட்டேன் என்று சொன்னது அவருக்கே மறந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மத்தியானச் சாப்பாட்டு வேளை தாண்டியும் இரண்டு பேரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். நடுகல்லில் குதிரை ஓடுகிறது என்று அப்பா சொல்ல, கல் எப்படி ஓடும், நாலு காலும் அசையாமல்தானே இருக்கிறது என்று டீச்சர் கேட்டார். பார்க்கிறவன் கண்ணுக்குத்தான் அது ஓடும் என்று அப்பா விளக்கினார். “அப்படின்னா பார்வை உள்ளவங்களும் இல்லாததைத்தான் பாக்குதீங்க” என்று டீச்சர் சொன்னதும் அப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! மதினி இருந்தால் அடுப்பை விட்டு எட்டிப் பார்த்திருப்பாள்.

லோகநாயகி மேடம் விடவில்லை. ஒவ்வொரு பொருளையும் கை எப்படி உணர்கிறது, கண்ணுக்கு எப்படி இருக்கும் என்று இரண்டையும் சொல்லி, அந்த அறையில் ஒலிக்கிற மாதிரிக் குரல் பதிய வேண்டும், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று கேட்டார். அப்பா முதலில் முனகினார். பிறகு ஆரம்பித்தால், சந்தையில் ஏலம் விட்ட குரல் அல்லவா, பதிவு செய்ய வந்த பையன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டான். “அண்ணாச்சி, கத்தரிக்காய் விக்காண்டாம், மெதுவாச் சொல்லுங்க” என்று டீச்சர் சொல்ல வேண்டியதாயிற்று. இன்னும் பாதிப் பொருளுக்குப் பதிவு பாக்கி இருக்கிறது. அதனால்தான் இருக்கிறேன் என்கிறார். திறப்பு விழா முடிந்த பிறகும் வருகிற பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று மேடம் கேட்டிருக்கிறார். அதற்கு அப்பா ‘ம்’ என்றார். இந்த ‘ம்’ எனக்குப் புரிந்தது.

நீ நன்றாகப் பார்த்துக்கொள்ளவில்லை, அதனால் இங்கே இருக்க நினைக்கிறார் என்று மட்டும் எண்ணிவிடாதே. நான் உன்னைவிட நன்றாகச் சமைப்பவளும் இல்லை. முந்தாநாள் தேங்காய்ப்பால் ஊற்றிச் சொதி வைத்தேன், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “அபர்ணா வைக்குதது கெட்டியா இருக்கும்” என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. பதிவு முடித்துக் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது டீச்சர், “நீங்க கடைசியாத் தெளிவாப் பாத்தது என்ன அண்ணாச்சி?” என்று கேட்டார். அருவி, கோபுரம், மதினி படம் என்று ஏதாவது சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்.

“எம் மக அடுப்படியில நின்னு குழம்பை உள்ளங்கையில விட்டு நக்கிப் பாத்தா. உப்பு கூடிப் போச்சு. முகத்தைச் சுளிச்சா பாருங்க, சின்னப் பிள்ளையில வேப்பங்கொழுந்து குடுத்தா சுளிப்பாளே, அதே மாதிரி. என்னைத் திரும்பிப் பாத்துச் சிரிச்சா. மறுநாள்லேர்ந்து மிச்சம் இருந்ததும் கலங்கிப் போச்சு. இதைவிட நல்லதா ஒண்ணைப் பாத்துட்டு மூடியிருக்க முடியாது.” அவ்வளவுதான் சொன்னார். பிறகு காப்பியில் சீனி போதாது என்று என்னைத் திட்டினார்.

பெற்ற மகளிடம் சொல்ல அவருக்கு வரவில்லை அபர்ணா. அவர் பழக்கம் அப்படி. நீ அதை மனதில் வைத்துக்கொள், அவரிடம் கேட்டுவிடாதே.

ஆடி இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்குத் திறப்பு. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு முந்தின நாளே வந்துவிடு. தண்ணீர் குறைந்திருந்தால் எல்லாரும் குளிக்கலாம். வந்ததும், எப்படி இருக்கிறீர்கள், மருந்து சாப்பிட்டீர்களா என்று ஆரம்பிக்காதே. பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவர் கையை எடுத்து உன் முகத்தில் வைத்துக்கொள். அவராகக் கேட்க மாட்டார்.

நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
அத்தை சங்கரேஸ்வரி