அறுபத்தொரு லோகநாதன்

2004 ஜூன் 7, திங்கள்

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டின் கணினி அறைக்கு ஏகச் சக்கரவர்த்தியான என் சிம்மாசனம் இன்று ஆடியது. வாயிலில் நின்ற லாரி வரிசை இன்னும் நாலு வண்டி நீண்டிருந்தால் ஆந்திராக்காரன் வரி கேட்டிருப்பான். உள்ளே வருபவர் ஒருவரின் பெயரைப் பதிவில் தேடக் கணினிக்கு மூன்று நிமிடம்.

மேலாளர் பரசுராமன் சொன்னார்: "ஒரே ஆளு பத்து தபா பதிஞ்சிகீறான் லோகு. வர்ற திங்கக்கிழமைக்குள்ள சுத்தம் பண்ணு. இல்லன்னா பழையபடி வெயில்ல நின்னு பொட்டி எண்ணு."

ஏசி நாற்காலியை விட்டா?

ஜூன் 8

இது இந்த நோட்டுக்கு மட்டும். நுழைவு அட்டை மறந்து வருபவர்களைத் தேட நேரமாகிறதென்று, "தேடாத, லைசென்ஸ் நம்பர வாங்கி புதுசா போட்டுடு" என வாயில் கிளார்க் செங்கொடிக்கு அருள்வாக்கு தந்தவன் நான்தான். புதிது போடப்போட, பதிவுகள் கிடக்கும் டேபிள் பெருத்தது. பெருக்கப்பெருக்கத் தேடல் நொண்டியது. நொண்டவும் மறுபடி புதிது போட்டோம். நானும் அட்டை மறக்கும் ரகம்.

ஜூன் 9

நானே கணினிக்கு ஓர் எஸ்க்யூஎல் கட்டளை எழுதினேன். எழுபதாயிரம் பதிவுகள், ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டு இரட்டையை அழிக்கும். மதியம் ஓடவிட்டேன்.

ஜூன் 10

ஓடுகிறது.

டேபிளை வேறு யாரும் தொட முடியாதபடி அது கெட்டியாகப் பிடித்துக்கொண்டதால் செங்கொடி கையால் எழுதுகிறாள். போனில், "மாமா, இன்னா பண்ணி வெச்சிகீற?" கட்டளையை நிறுத்திவிட்டேன்.

ஜூன் 11

கணக்குப் பிரிவுக்குச் சாஃப்ட்வேர் எழுதும் ராயபுரத்து எல்சியிடம் சரணடைந்தேன். என் கட்டளையைப் படித்துவிட்டுச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கிட்டத்தட்ட ஐந்நூறு கோடி தபா பாக்கச் சொல்லிகீற அண்ணாத்தே. உம் பேரன் ரிட்டயராவுற வரைக்கும் ஓடும்."

லைசென்ஸ் எண்ணுக்கு இண்டெக்ஸ் போட்டாள். ஒரே எண்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன. "முக்காவாசிக்கு மேல குப்பை. அழிக்கிறதுதான் பேஜாரு. வேணுங்கறத மட்டும் புது டேபிளுக்குத் தூக்கிக்கலாம்." ஒவ்வொரு எண்ணுக்கும் முதல் பதிவு மட்டும் போனது. ஒன்பதாயிரம் பேர். என் டீ ஆறவில்லை. இனி ஒரே எண் இரண்டு முறை ஏறாதபடி பூட்டும் போட்டாள்.

பிறகு மெதுவாக: "யாரு அதிகமா பதிஞ்சிகீறாங்க தெரியுமா?"

என் ஸ்கூட்டர் லைசென்ஸ். அறுபத்தொரு முறை.

"பரசுராமன் சார் இதப் பாக்கணுமா?" என்றேன், குரல் எங்கோ பாதாளத்தில்.

"பழைய டேபிள் எங்கிட்டயே இருக்கட்டும். நீ ஒழுங்கா கீற வரைக்கும்."

ஜூன் 14, திங்கள்

வரிசையே இல்லை. பரசுராமன் என் தோளில் தட்டினார். தோள் விரிந்து எண்ணூர் கடலைத் தொட்டது.

பதினோரு மணிக்கு வெளியே டீ. திரும்பினால், அட்டை உள்ளே என் மேசையில்.

"புதுசா போட்டுடு செங்கொடி."

தட்டினாள். "ஏத்துக்க மாட்டேங்குது மாமா. நீ ஏற்கெனவே கீறியாம்."

"அப்ப தேடு."

ஒரே நொடி. 2002இல், மென்பொருள் வந்த முதல் நாளில், சும்மா சோதித்துப் பார்க்க நானே தட்டிய முதல் பதிவு. பின்னால் பரசுராமனின் ஜீப் வந்து நின்றதைக் கவனிக்காமல் செங்கொடி உரக்கப் படித்தாள்:

"லோகநாதன். வேலை: வங்கக்கடல் வேந்தர்."

ஜீப்பிலிருந்து ஒரு குரல்: "வேந்தர உள்ள வுடும்மா. பொட்டி எண்ண ஆள் வேணும்."

சாயங்காலம் வரை எண்ணினேன். இருநூற்றுப் பதினாறு. ஒன்றைக்கூட இரண்டு முறை எண்ணவில்லை.