எட்டாவது பாலம்

க்ரோ நாப்,
மார்ச் 4, 1996

அன்புள்ள ஸ்டிடம் அவர்களுக்கு,

என் கையெழுத்து உங்களுக்கு மறந்திருக்காது என்று நம்பி எழுதுகிறேன். நீங்களும் மகள் வெர்னாவும் நலம்தானே? எனக்கு முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம்.

வரும் செப்டம்பரில் க்ரோ நாப் பதிப்பகத்தை மூடுகிறேன். இருபத்தெட்டு வருடம், நாற்பத்தோரு புத்தகம். அறுபத்தைந்து வயதில் புத்தகக் கட்டுகளைத் தூக்கி வேனில் ஏற்ற முடியவில்லை. மூடுவதற்கு முன்னால் நம் எழுத்தாளர்களைப் பற்றி ஒரு சிறு நினைவுநூல் கொண்டுவரலாமென்று உட்கார்ந்திருக்கிறேன். ஐசி கோம்ஸ் அம்மாளின் சமையல் புத்தகம் நினைவிருக்கிறதா? மாவு எத்தனை கப் என்று கேட்டதற்கு, "போதும்னு தோணுறவரைக்கும் போடு"ன்னு சொல்லிவிட்டு, அதை அப்படியே அச்சடிக்கவும் வைத்தார். ஹோபர்ட் போதகர் தன் பாட்டுப் புத்தகத்தின் பிழை திருத்த வந்தவர் மூன்று நாள் எங்கள் வீட்டிலேயே தங்கி, என் கோழிகளுக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டுப் போனார்.

ஒவ்வொருவரிடமும் ஒரு பக்கம் கேட்டிருக்கிறேன். உங்களிடமும் கேட்கிறேன். கேட்கத் தயக்கமாகத்தான் இருக்கிறது. முதல் புத்தகத்தோடு நீங்கள் ஒதுங்கிவிட்டீர்கள். இரண்டாவதைத் தர மறுத்தபோது காரணம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அதற்குப் பிறகு இத்தனை வருடம் உங்கள் பள்ளிப் பேருந்து என் வாசலைக் கடக்கும்போதெல்லாம் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்குவீர்கள். நானும் கையைத் தூக்குவேன். நமக்குள் பேச்சு அவ்வளவுதான் என்று ஆகிவிட்டது.

அன்புடன்,
வினிஃப்ரெட் லோமன்


பீச் ஓடை,
மார்ச் 11

வின்னி அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. வெர்னா நன்றாக இருக்கிறாள். நான் போன வருடம் பேருந்து ஓட்டுவதை விட்டுவிட்டேன். இப்போது தேனீ வளர்க்கிறேன். பிள்ளைகளை மேய்த்தவனுக்கு இது சுலபம், இவை கொட்டினாலும் எச்சில் துப்புவதில்லை. மலையில் காட்டுப் பூண்டு முளைத்துவிட்டது. வீடு முழுக்க அந்த வாடைதான், வெர்னா என்னைச் சமையலறைப் பக்கம் விடுவதில்லை.

ஒரு விஷயம் மட்டும் புரியவில்லை. நான் எதை மறுத்தேன்? "எட்டாவது பாலம்" கையெழுத்துப் படியை உங்களிடம் கொடுத்தேன். அடுத்த வசந்தத்தில் அச்சடிக்கலாமா என்று கேட்டு எழுதினீர்கள். சரியென்று கார்டு போட்டேன். பத்து நாள் கழித்து மொத்தக் கட்டும் திரும்பி வந்தது. மேலே ஒரு துண்டுச் சீட்டு: "உங்கள் முடிவை மதிக்கிறேன்." படித்தவர்கள் வேண்டாமென்பதை இப்படித்தான் நாசூக்காகச் சொல்வார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். புத்தகம் சரியில்லை, சொல்ல உங்களுக்கு மனசு வரவில்லை. உங்கள் மேல் எனக்குக் கோபமும் இல்லை.

ஒரு பக்கம் எழுதித் தர வராது. எழுதி ரொம்ப நாளாயிற்று.

டில்லார்ட் ஸ்டிடம்

பி.கு.: வெர்னாவின் அம்மா ஓவா காலமாகி எட்டு வருடம் ஆகிறது. நீங்கள் சவ அடக்கத்துக்கு வந்து பின்வரிசையில் நின்றதைப் பார்த்தேன். அன்றைக்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை.


க்ரோ நாப்,
மார்ச் 18

அன்புள்ள டில்லார்ட்,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நேரே மாடிக்குப் போய் 1969ஆம் வருடத்துப் பெட்டியைத் திறந்தேன். உங்கள் கார்டு இருந்தது. அதில் ஒரே ஒரு சொல்: "எனக்கென்ன." கீழே உங்கள் பெயர்.

நான் பிலடெல்பியாவிலிருந்து இங்கே வந்து அப்போது பதினாறு மாதம். எங்கள் ஊரில் ஒருவர் "எனக்கென்ன" என்றால், உன் புத்தகம் எக்கேடோ கெட்டுப் போகட்டும், என்னை விடு என்று அர்த்தம். முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. ஒரு நாள் முழுக்க அழுதேன். பிறகு வீம்பாக அந்தச் சீட்டை எழுதிக் கட்டைத் திருப்பி அனுப்பினேன்.

இரண்டு வருடம் கழித்து, வண்டிப் பட்டறைக்காரர் கிளெட்டிஸிடம் "இந்தப் பிரேக்கைக் கொஞ்சம் பாத்துத் தருவீங்களா?" என்று கேட்டேன். "எனக்கென்ன"ன்னு சொல்லிவிட்டு உள்ளே போனார். எவ்வளவு திமிர் என்று பிரேக் பிடிக்காத வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுவாரம் தபாலாபீசில் பார்த்து, "ஏம்மா, அன்னிக்கு ஏன் ஓடிட்டீங்க? ஸ்பேனர் எடுக்கத்தானே உள்ள போனேன்"னார். அன்றைக்குத்தான் தெரிந்தது, இந்த மலையில் அதற்கு "எனக்கென்ன தடை, தாராளமாக" என்று பொருளென்று.

டில்லார்ட், இதற்குமேல் எழுதவே கூச்சமாக இருக்கிறது. அந்தப் பட்டறைக் கதையை இருபத்தைந்து வருடமாக விருந்துகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். ஒரு தடவைகூட உங்கள் கார்டு என் நினைவுக்கு வரவில்லை. உங்கள் புத்தகத்தை நான் வேண்டாமென்று சொல்லவே இல்லை. எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அந்தக் கட்டு இப்போது எங்கே இருக்கிறது? இருக்கிறதா? இருந்தால் எங்கள் கடைசிப் புத்தகம் அதுவாக இருக்க வேண்டுமென்று ஆசைப்படுகிறேன். மன்னிப்புக் கேட்கிறேன் என்று தனியாக எழுத வேண்டுமா தெரியவில்லை. கேட்கிறேன்.

வின்னி


பீச் ஓடை,
ஏப்ரல் 9

வின்னி அம்மாவுக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. முதல் வாரம் கோபமாக இருந்தேன். வேலியில் படர்ந்த கொடியை வெட்டுகிறேன் என்று கிளம்பி வேலியையே வெட்டிவிட்டேன். இரண்டாவது வாரம் அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே திரும்பிவிட்டது. கட்டு திரும்பி வந்த அன்றைக்கே ஓவா சொன்னாள், "போய் அந்தம்மாகிட்டயே என்னன்னு கேளுய்யா. கேட்டா வாய் தேஞ்சா போயிடும்? பன்னெண்டு மைலு." வண்டி ஓட்டுகிறவனுக்குப் பன்னிரண்டு மைல் ஒரு தூரமா? நான் போகவில்லை. வேண்டாமென்றவர் வாசலில் போய் நிற்க மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு வருடத்துக்கு நூற்றெண்பது நாள், காலையும் மாலையும் அந்த வாசலைத் தாண்டித்தான் போய்வந்தேன். நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. மரியாதை, மரியாதை என்று இரண்டு பேருமாகச் சேர்ந்து கெடுத்துவிட்டோம்.

புத்தகம் மோசம் என்று இருபத்தேழு வருடமாக நம்பியிருந்தேன். அந்த நினைப்போடு வாழப் பழகியும்விட்டது. நீங்கள் அதையும் பிடுங்கிக்கொண்டீர்கள்.

மூன்றாவது வாரம் கட்டைத் தேடி எடுத்துப் படித்தேன். அம்மா, புத்தகம் மோசம்தான். நூற்று நாற்பது பக்கத்தில் பாதி பிரசங்கம். மீதியில் பாதி, எனக்குப் பெரிய பெரிய சொல்லெல்லாம் தெரியும் என்று காட்டுவதற்காக எழுதியது. பதினோரு பக்கம் தேறும். அவற்றில் நீல மையால் குறியிட்டு மொத்தத்தையும் அனுப்புகிறேன். இந்தத் தடவை தெளிவாகவே எழுதிவிடுகிறேன்: அந்தப் பதினொன்றை மட்டும் அச்சடியுங்கள். சம்மதம்.

டில்லார்ட்


க்ரோ நாப்,
ஏப்ரல் 22

அன்புள்ள டில்லார்ட்,

இரண்டு முறை படித்தேன். நீங்கள் சொல்வது சரி, பிரசங்கம் அதிகம். பிடித்திருந்தது என்று நான் எழுதியதும் சரிதான், அப்போது எனக்கு அவ்வளவுதான் தெரியும். அன்றைக்கு உங்கள் சம்மதம் எனக்குப் புரிந்திருந்தால் முழுவதையும் அப்படியே அச்சடித்திருப்பேன். முந்நூறு பிரதி போட்டு, இருநூறு என் கட்டிலடியில் கிடந்திருக்கும். அதனால் அந்தப் புத்தகத்துக்காக நான் இப்போது வருந்தவில்லை. அடி வாங்கி, தேறி, அதற்குப் பிறகு நீங்கள் எழுதியிருக்கக்கூடிய மூன்றாவதும் நான்காவதும்தான் என்னைத் தூங்கவிடவில்லை. நான் உங்களிடமிருந்து பறித்தது அவற்றைத்தான்.

இப்போது ஒரு சண்டை. பதினொன்று இல்லை, பன்னிரண்டு. தொண்ணூற்றேழாம் பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்திருக்கிறீர்கள். அடித்த மை புதியது, அடியில் இருக்கும் எழுத்து பழையது. கோட்டுக்குள்ளே படித்து டைப் செய்து வைத்திருக்கிறேன்:

*கடைசிப் பிள்ளையும் இறங்கியதும் எட்டாவது பாலத்தில் அவள் நிற்பாள். ஏறி முன்சீட்டில் உட்காருவாள். "இன்னிக்கு எத்தன பேரு ஏத்துன?" "நாப்பத்தொண்ணு." "எறக்குனது?" "நாப்பத்தொண்ணு." "அப்பச் சரி." அதற்குப் பிறகு வீடு வரும்வரை இரண்டு பேரும் எதுவும் பேசுவதில்லை. காலி பஸ் கடகடவென்று ஆடும். ஒரு நாளில் எனக்குப் பயமில்லாத அரை மைல் அதுதான்.*

உங்கள் பன்னிரண்டு பக்கத்தில் நான் இழக்கச் சம்மதிக்காத பக்கம் இது. ஆனால் அடித்தது நீங்கள், அதனால் உங்களிடம் கேட்கிறேன். வேண்டாமென்றால் வேண்டாம். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

வின்னி


பீச் ஓடை,
மே 27

வின்னி அம்மாவுக்கு,

உங்களை ஒரு மாதம் காக்க வைத்துவிட்டேன். நேற்று கல்லறைகளுக்குப் பூ வைக்கும் ஞாயிறு. அது முடியட்டும் என்று இருந்தேன்.

மை புதியது என்று நீங்கள் கண்டுபிடித்தது சரி. அந்தக் கோட்டைப் போட்டது அவளைப் புதைத்த வாரம். அந்த அரை மைலில் இருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். அவள் போன பிறகு வேறு யாரையும் அதில் ஏற்ற மனசில்லை. கட்டை எரிக்கவும் மனசில்லை. அதனால் கோடு போட்டேன்.

நேற்று கல்லறைக் குன்றில் சாப்பாட்டுக்குத் துணி விரித்து, அவரைக்காயும் சோள ரொட்டியும் கோழியும் எடுத்து வைத்த பிறகு, நீங்கள் டைப் செய்த தாளை வெர்னாவிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

"அம்மா தினமும் இதையேவா கேப்பா?"ன்னா.

"தினமும்."

"எண்ணிக்கை தப்பாகி என்னிக்காவது நீ முழிச்சிருக்கியா?"

"ஒரு தடவ. பஸ்ஸத் திருப்பிட்டுப் போனோம். ஒரு பய பின்சீட்டுக்கு அடியில தூங்கிட்டிருந்தான். நாலாவது பாலம் வரைக்கும் அவன மடியில போட்டுக்கிட்டு வந்தா உங்கம்மா."

"இத ஏம்ப்பா எழுதல?"ன்னா வெர்னா.

அந்தப் பக்கத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், சம்மதம்.

மூன்றாவதையும் நான்காவதையும் நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். எழுதியிருப்பேனா என்பதும் யாருக்கும் தெரியாது. ஆனால் இன்றைக்குக் காலையில் தேன்கூட்டுப் பக்கம் போகவில்லை. அந்தப் பையன் விஷயத்தை எழுத உட்கார்ந்தேன். நான்கு பக்கம் ஆகியிருக்கிறது, பள்ளியிலிருந்து கிளம்பிய பஸ்ஸுக்கு இன்னும் இரண்டாவது பாலமே வரவில்லை. நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது, அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். செப்டம்பரில் பதிப்பகத்தை மூடிவிடுவேன் என்கிறீர்கள், இது அதற்குள் முடியாது. அதற்குப் பிறகு உங்களுக்கு எந்த முகவரிக்கு அனுப்புவது என்று எழுதுங்கள்.

டில்லார்ட்