இருதயமேரிக்கு ஒரு கொட்டு

சேசு மரி சூசை துணை

தென்னூர், திருச்சிராப்பள்ளி
8-9-1963, ஞாயிறு

அன்புள்ள மகன் அருள்நாதனுக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நான் சுகம். அப்படி எழுதுவது முறை என்பதால் எழுதினேன், வலது முழங்கால் மட்டும் இந்த முறைக்குக் கட்டுப்பட மறுக்கிறது, மற்றபடி பொய் இல்லை. நீ அங்கே கானாவில் மலேரியா மாத்திரையை மறக்காமல் விழுங்கிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் கேட்டுக்கொண்டேன். இன்று மாதா பிறந்த திருநாள், தெருவில் பாதிப் பேர் வேளாங்கண்ணிக்குப் போய்விட்டார்கள். போகிற ஒவ்வொருவரும் வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் சார் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனதால், இப்போது நாலைந்து வீடுகளுக்கு நான்தான் குடும்பத் தலைவன். எந்த வீட்டிலும் ஒரு குரல் கிடையாது. தலைவனாக இருப்பதற்கு இது மிகவும் வசதி.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். அரைப்படி அரிசி எத்தனை பேருக்கு என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை, மூன்று வேளையும் காலையில் வடித்த சோற்றையே சாப்பிட்டுக்கொண்டு அதற்கு மூன்று பெயர் வைத்திருக்கிறேன். மாலையில் வானொலியில் விவசாயிகளுக்குச் சொல்வதைக் கேட்கிறேன். குறுவைக்கு எப்போது மேலுரம் போட வேண்டும் என்பது இந்தத் தெருவிலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கு ஒரு குழி நிலமும் கிடையாது, ஆனாலும் அந்த மனிதர் வீட்டுக்குள் வந்து நிதானமாகப் பேசுகிறார், பாதியில் எழுந்து போவதில்லை. கீரைக்காரி காளியாயி இன்னும் வாசலில் வந்து அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள், கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு சார் என்கிறாள். அவளுக்கு அந்தச் சங்கடம் வேண்டாம் என்று அவள் முக்கு திரும்பும்போதே நான் வாசலில் போய் நின்றுவிடுகிறேன். அதனால் எங்கள் தெருவில் கீரைக்கு இவ்வளவு ஆசைப்படும் மனிதன் நான் ஒருவன்தான் என்று பெயராகியிருக்கிறது.

உன் கடிதம் வந்து நாளாகிறது, பதில் தாமதமானதற்குத் தபால் இலாகா காரணமல்ல. நீ கேட்டதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாமல் இருந்ததுதான். அம்மாவின் வருஷ நினைவு நவம்பரில் வருகிறது, உனக்கு லீவு கிடையாது. நீ குடியிருக்கும் வீட்டுக்காரர் பெரியவர் அக்பேக்கோ, உன் தாய்க்காக நாங்கள் கொட்டடித்துப் பாடி ஆடுகிறோம், அவள் எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறவனைப் பெற்றவள் என்று சொன்னதாக எழுதியிருந்தாய். ஆனால் இறந்தவரின் வீட்டுப் பெரியவர் வார்த்தை வந்து சேராமல் முதல் அடி விழாது என்பது அவர்கள் வழக்கம் என்றும், அந்தப் பெரியவர் நான்தான் என்றும், உன் தெருவே என் பதிலுக்காகக் காத்திருக்கிறது என்றும் எழுதியிருந்தாய். தென்னூரில் என் வார்த்தைக்காக யாரும் காத்திருப்பதில்லை, பென்ஷன் வாங்கப் போனாலும் நான்தான் காத்திருக்கிறேன், அதனால் இந்த மரியாதை எனக்குப் பழக்கமில்லை.

அம்மாவை எடுத்த அன்று நடந்ததை நான் உனக்கு முழுதாக எழுதவில்லை. மருங்காபுரிப் பக்கத்திலிருந்து வந்த அம்மாவின் உறவுக்காரர்கள் கொட்டு வைக்கலாமா என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டு அமிர்தராஜ், ரெயில்வே ஆபீசில் இருந்து ரிட்டையரான கௌரவத்தோடு முன்னால் வந்து, இது படிச்சவங்க வீடு, அதெல்லாம் நமக்கு வேணாங்க, பேசாம கொண்டு போயிருவோம் என்றார். கொட்டு வைத்தால் அதை அடிப்பவர்களும் தெருவுக்குள் வருவார்கள் அல்லவா, அதுதான் அவர் சொல்லாமல் விட்டது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். பேசாமல் கொண்டுபோனோம். ரொம்ப நாகரிகமாக இருந்தது என்று பலரும் பாராட்டினார்கள். படித்தவர்கள் வீட்டுத் துக்கம் காதில் விழக்கூடாது என்பது ஏற்பாடு.

இப்போது உன் விஷயத்தை முதலில் பாக்கியமேரி அத்தையிடம்தான் சொன்னேன். செத்தவளுக்கு ஆட்டமாண்ணே, ஊரு சிரிக்கும், அவன் அங்க போயி என்னவோ ஆயிட்டான் என்று அழுதாள். பங்குச்சாமியாரிடம் போனேன். பையன் முதலில் பூசை வைக்கிறானா என்றார், வைக்கிறான் என்றேன், அப்புறம் நடக்கிறதுக்கு நான் என்னங்க சொல்றது, கானா என் பங்குக்குள்ள வரலையே என்றார். திருச்சபையின் எல்லைகளை இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

லீவில் வந்த உன் சிநேகிதன் சகாயநாதன் உறையூரிலிருந்து பஸ் ஏறி வந்து அந்த ஊர்க் கொட்டையும் பாட்டையும் பதிந்து நீ கொடுத்தனுப்பிய டேப்பைச் சேர்த்துவிட்டான். வீட்டில் ஏது மிஷின், சாமியார் தம்முடைய டேப் ரெக்கார்டரைக் கோயில் மண்டபத்தில் வைத்துத் தந்தார். கேட்டுவிட்டு முடிவு செய்வோம் என்று அத்தையைக் கூப்பிட்டேன், அவள் மாதா சபைப் பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்தாள், அமிர்தராஜ் தன் நாற்காலியோடு வந்தார். முதலில் அந்த இரும்பு மணி, பிறகு சுரைக்குடுக்கையின் சலசலப்பு, அதற்குப் பிறகு கொட்டுகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. அமிர்தராஜ் முகம் சுளித்தார், ஆனால் அவர் கட்டைவிரல் நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை. பிறகு ஒருவர் தனிக்குரலில் ஒரு வரி எடுத்தார், கூட்டம் மொத்தமும் சேர்ந்து ஒரே பதிலைச் சொன்னது. மறுபடி ஒரு வரி, மறுபடி அதே பதில். நாலாவது வரியில் அத்தை சிலுவை போட்டுக்கொண்டு மண்டியிட்டாள். சபைப் பெண்களும் மண்டியிட்டார்கள். ஒருவர் சொல்லச் சொல்ல எல்லோரும் ஒரே பதிலைத் திருப்பிச் சொன்னால் அது மாதா பிரார்த்தனை என்பது அவர்களுக்குப் பிறந்தது முதல் தெரிந்த விஷயம். அங்கே அந்த ஜனங்கள் பதில் சொல்ல, இங்கே இவர்கள் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்றார்கள், கொஞ்சமும் பிசகாமல் பொருந்தியது. லத்தீனும் நமக்குப் புரியாமல்தான் முழங்காலில் நிற்கிறோம், புரியாததெல்லாம் செபம் என்பது அத்தையின் வேத சாஸ்திரம்.

அது என்ன பாட்டு என்று டேப்போடு நீ எழுதியனுப்பியதை நான் ஏற்கெனவே படித்திருந்தேன். விருந்து என்றால் முதல் ஆளாக வந்து, வேலைக்குக் கூப்பிட்டால் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளும் அடுத்த தெருக்காரரைக் கேலி செய்யும் பாட்டு. தென்னூர் மாதா சபை அந்த வயிற்றுவலிக்காரரைப் பார்த்துத் தங்களுக்காக வேண்டிக்கொள்ளும்படி மன்றாடிக்கொண்டிருந்தது. அவ்வளவு பேர் சேர்ந்து ஒரு சத்தம் எழுப்பி நான் கேட்டு நெடுநாளாயிற்று, அதை நிறுத்த மனம் வரவில்லை.

மறுவாரம் அத்தையிடம் உண்மையைச் சொன்னேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போங்கண்ணே, ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, அந்த ஆளு பேரையாவது கேட்டு எழுதுங்க, எங்க வீட்டுக்காரருக்குச் சொந்தமா இருக்கப்போறாரு என்றாள். சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆனா ஒண்ணுண்ணே, அதுல யாரும் தனியா நின்னு பாடலை, ஒருத்தர் எடுத்தா மத்தவங்க எல்லாரும் வாங்கிக்கிறாங்க, அண்ணிக்கு அது புடிக்கும், அடிக்கட்டும்னு எழுதிருங்க என்றாள். என்னோடு வேலை பார்த்த அழகர்சாமியைப் பார்க்க ஸ்ரீரங்கம் போனபோது அவரிடமும் சொன்னேன். எங்க ஊர்ல அரையர் பெருமாளுக்கு முன்னாடியே தாளத்தைத் தட்டிப் பாடி அபிநயம் புடிக்கிறாரு, பெருமாள் ஒண்ணும் கோவிச்சுக்கலை சார், உங்க சம்சாரம் கோவிச்சுக்குவாங்களா என்றார். கடைசியில் அமிர்தராஜ் மட்டும் பாக்கி. அவர் நெடுநேரம் யோசித்து, ஆப்பிரிக்காவுல அடிக்கிறது இங்க கேக்காதில்ல என்று கேட்டார். கேக்காது என்றேன். அப்ப எனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

எல்லோரும் சம்மதித்த பிறகுதான் உன் கடிதத்தின் கடைசிப் பக்கம் என்னை நிறுத்தியது. பாட்டுக் கட்டுகிறவர் அக்பேக்கோவேதான், அவருக்கு அம்மாவைப் பற்றித் தெரிய வேண்டும், நல்லவள் என்று எழுதி அனுப்ப வேண்டாம், இறந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள்தான், கேட்டவுடன் தெரிந்தவர்கள் சிரிக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று சொன்னாராம். கேள்வி கேட்கிற விதத்தில் அவர் நல்ல வாத்தியார். நான் பேனாவை எடுத்து உட்கார்ந்தேன், கல்லறைக் கல்லில் எழுதுகிற வாசகங்களாகவே வந்தன. காளியாயியைக் கேட்டேன். அம்மா கட்டைப் பிரிச்சுப் பாத்து, இது கீரையா இல்ல ஆட்டுக்கு வச்சிருந்ததான்னு கேப்பாங்க, நான் ஆட்டுக்குத்தான் வச்சிருந்தேன் நீங்க கேட்டதால குடுக்குறேன்னுவேன், சிரிச்சுக்கிட்டே ரெண்டு கட்டு வாங்குவாங்க என்றாள். இதைப் பெரியவரிடம் சொல். அத்தை சொன்னதையும் சொல். கோயிலில் எந்தப் பாட்டானாலும் அம்மா மற்றவர்களுக்கு ஒரு அடி முன்பாகவே முடித்துவிடுவாள், அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு வந்திருப்பாள். ஆர்மோனியக்காரர் அவளைத் துரத்திப் பிடிக்கப் பார்ப்பார், ஒரு ஈஸ்டருக்குக்கூடப் பிடித்ததில்லை. அவள் முடித்துவிட்டு நிற்க, கூட்டம் பின்னால் வந்து சேரும். இது அந்தப் பாட்டில் எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது, அவர் பார்த்துக்கொள்வார்.

வருஷ நினைவன்றைக்கு இங்கே காலைப் பூசை இருக்கிறது. முடிந்ததும் அத்தை வீட்டில் இட்லி, காப்பி. ஒன்பது மணிக்குள் எல்லோரும் ஆபீசுக்கும் ஸ்கூலுக்கும் போய்விடுவார்கள், போகத்தான் வேண்டும். அங்கே துக்கத்துக்கு உரியவனை அன்று தனியாக விடுவதில்லை, ஒருவர் மாற்றி ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்தபோது எனக்கு ஒரு பக்கம் நிம்மதி, இன்னொரு பக்கம் பொறாமை.

கீழே இருப்பதைத் தனித்தாளில் எழுதிக்கொள். முதல் அடி விழுவதற்கு முன் எழுந்து நின்று, தமிழிலேயே, உரக்கப் படி. அவர்களுக்குப் புரியாது, பரவாயில்லை, பிறகு நீ சொல்லிக்கொள்ளலாம்.

தென்னூர் அற்புதசாமியாகிய நான் சொல்வது. என் மனைவி இருதயமேரிக்காக நீங்கள் கொட்டடிக்கவும் பாடவும் ஆடவும் எனக்கு முழுச் சம்மதம். இங்கே நாங்கள் அவளைப் பேசாமல் கொண்டுபோனோம். நீங்கள் பலமாக அடியுங்கள்.

உனக்கும், அக்பேக்கோ பெரியவர் வீட்டாருக்கும், அந்தத் தெருவுக்கும் ஆண்டவருடைய ஆசீர்வாதமும் மாதாவின் துணையும் என்றும் இருக்கட்டும். ஆட்ட வட்டத்துக்குள் முதலில் இறங்க வேண்டியவன் மகன் என்று எழுதியிருக்கிறாய், கூச்சப்படாதே, உனக்கு ஆட வராது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவர்களும் சீக்கிரம் தெரிந்துகொள்வார்கள். ஆடி முடித்த வேர்வையோடு உடனே தண்ணீர் குடிக்காதே, கொஞ்சம் உட்கார்ந்து ஆறவிட்டுக் குடி. இது அம்மா எழுத வேண்டியது.

இப்படிக்கு,
உன் அப்பா
ம. அற்புதசாமி