நிற்கிற வரிசையில் நின்றவளுக்கு

இன்று காலை மழைக்கோட்டை எடுத்து உதறினேன். உட்பக்கம் ஒட்டாமலிருக்க நீ தடவி வைத்த பவுடர் இன்னும் மிச்சம் இருந்தது. இறப்பரும் பவுடரும் கலந்த வாசம். உன் ஸ்கூட்டியின் பின்சீற்றில் குந்தி வேலைக்கு வந்த மழைக்காலமெல்லாம் எனக்கு அந்த வாசம்தான்.

இப்போது நானே ஸ்கூட்டி ஓட்டுகிறேன். இன்று உட்துறைமுக வீதியில் வாகன வரிசை நின்றது; நானும் நின்றேன். பின்னால் ஒருவர் ஹோர்னை அழுத்திப் பிடித்தபடி கேட்டார்: "தங்கச்சி, நித்திரையோ?" ஹெல்மெட் அவர் முழங்கையில் தொங்கியது. மூளை இருக்கிற இடத்தில்தானே மாட்டுவினம் என்று நீ சொல்லியிருப்பாய்.

நுழைந்து போகிறவர்களை நீ வெறுத்தவள் அல்ல. நீயும் நுழைகிறவள்தான். வாகனங்கள் ஊர்ந்து போகும்போது அவற்றின் வலப்பக்கமாக, வெள்ளைக் கோட்டைத் தாண்டாமல், சிக்னல் போட்டு, நடக்கிறவரின் வேகத்தில் போவாய். பாதசாரிக் கடவை வந்தால் நின்றுவிடுவாய். ஒவ்வொரு வாகனத்தின் பக்கக் கண்ணாடியையும் பார்ப்பாய். "ட்ரைவற்ற முகம் எனக்குத் தெரியாட்டி நான் அவருக்கு இல்லாத ஆள். இல்லாத ஆளை ஆரும் பாத்து ஓடமாட்டினம்" என்பாய்.

ஆனால் வரிசை அடியோடு நின்றுவிட்டால், ஏன் நின்றது என்று தெரியும்வரை நீ அசையமாட்டாய். அது தம்பலகாமத்துப் பழக்கம். கண்டி வீதியில் முன்னால் பஸ் நின்றால் அதற்கு முன்னால் ஆனை நிற்கலாம். உங்கள் ஊரில் அது பால்குடிக்கும் தெரியும். திருகோணமலை டவுனின் வீரர்களுக்குத் தெரியாது. இடுக்கு ஒன்று கண்டால் முன்சில்லைச் செருகுவார்கள். அப்படி அவசரமாகப் போய், சந்திக் கடையில் கால் மேல் கால் போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார்கள்.

நாங்கள் வேலை செய்த கந்தோரிலும் ஒருவர் இருந்தாரே, நீ 'அம்புலன்ஸ்' என்று பெயர் வைத்தவர். மோட்டார் சைக்கிளின் இரண்டு கண்ணாடிகளையும் உள்ளே திருப்பி வைத்திருப்பார். இடுக்கில் தட்டாது என்பது ஒரு காரணம். தலை சீவலாம் என்பது மற்றது. பின்னால் உலகம் ஒன்று இருப்பதாக அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கும் மழை. பாண் வாங்கவென்று பேக்கரியடியில் என்னை இறக்கிவிட்டாய். "நீ நடக்கப்போறாய், இதைப் போடு. நான் தங்கியிருக்கிற வீடு கிட்டத்தானே" என்று கோட்டைக் கழற்றித் தந்தாய். கொஞ்சம் தள்ளி வரிசை நின்றது. நீ பஸ்ஸுக்குப் பின்னால் நின்றாய். அம்புலன்ஸ் வந்தார். பஸ்ஸுக்கும் தெருவோர வடிகால் கானுக்கும் இடையால், இடப்பக்கமாக நுழைந்தார்.

"என்ன மேடம், முன்னால ஆனையோ?"

"நீங்கள் போங்கோ அண்ணை. ஆஸ்பத்திரி திறந்துதான் கிடக்கு."

நான் கடை வாசலில் நின்று சிரித்தேன். பின்னால் வந்த லொறி நிற்கவில்லை.

பஸ்ஸுக்கு முன்னால் நின்றது ஒரு மான். மான்கள் திரியும் பழைய கோட்டைப் பக்கமிருந்து வந்து, நடுவீதியில் வாழைப்பழத் தோல் தின்றுகொண்டிருந்தது.

உன் செத்தவீட்டில் அம்புலன்ஸ் கதிரையில் சாய்ந்திருந்து சோடா குடித்தார். "பொம்பிளைப் பிள்ளையள் இடுக்குக்குள்ள பூந்து ஓடினால் இதுதான் முடிவு" என்றார். நீ நின்றதைக் கண்ட மனிதர் அவர். ஆனால் அதைச் சொன்னால், தான் எந்தப் பக்கத்தால் போனார் என்பதையும் சொல்ல வேண்டும். தன்னைக் காக்க உன்னை இடுக்குக்குள் தள்ளினார். லொறிக்காரரும் அதே கதையைப் பிடித்துக்கொண்டார்கள்.

உன் அப்பா என்னை வேலியோரம் கூப்பிட்டுக் கேட்டார். "பிள்ளை, அவள் பூந்தவளோ?"

"இல்லை அப்பா. நிண்டவள்."

தலையாட்டினார். பந்தலுக்குள் அம்புலன்ஸின் குரல் இன்னும் கேட்டது. நான் சொன்னது வேலியைத் தாண்டவில்லை.

நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். கடைக்காரரிடம் மிச்சக்காசு கேட்கவே கூசுகிறவள் நான் என்பது உனக்குத் தெரியும். லொறிக்காரரின் சட்டத்தரணி கேட்டார்: "நீங்கள் இறந்தவருடன் போய்வந்தவர். இடுக்குகளால் போவாரா, மாட்டாரா?"

"போவா."

அவர் திரும்பி எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். பின்வரிசையில் உன் அப்பா தலை குனிந்தார்.

"எப்பிடிப் போவா எண்டு சொல்லட்டோ ஐயா?" என்று நீதவானிடம் கேட்டேன். சொல்லச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னேன்: வலப்பக்கம், கண்ணாடி, நடக்கிற வேகம், தம்பலகாமத்து ஆனை.

"இடம் கிடக்கிறது. மழை பெய்கிறது. யாராவது சும்மா நிற்பார்களா?" என்றார் சட்டத்தரணி. பொறுமை அவர் கேள்விப்படாத நோய் போலும்.

"அவ நிண்டவ. நிண்டதுக்கு அவவைப் பகிடி பண்ணிக்கொண்டு இடப்பக்கத்தால போனவர் ஒருத்தர் இருக்கிறார். எங்கட கந்தோர்தான். அவரைக் கேளுங்கோ."

அடுத்த தவணைக்கு அம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். ஹெல்மெட்டை மடியில் வைத்து, அதன் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். கூண்டில் ஏறியதும் "ஓம், நிண்டவதான்" என்றார். ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற கதை. அதற்காக ஒரு தகப்பன் நீதிமன்ற வாங்கில் வந்து காத்திருந்தார். அன்று வெளியே வந்ததும் உன் அப்பா அவரைத் தாண்டி நடந்தார்.

வரிசை நின்றால் நான் இப்போது உன்னைப் போலவே நிற்கிறேன். ஒன்றை மட்டும் நானாகச் சேர்த்திருக்கிறேன்: பின்னால் வருகிற வாகனம் நிற்கும்வரை பிரேக்கை விடமாட்டேன், ஸ்கூட்டியின் பின்பக்கச் சிவப்பு விளக்கு எரிந்தபடி இருக்கும், கண் கண்ணாடியில் இருக்கும்.

இன்று ஹோர்ன் அடித்தவர் பொறுக்காமல் இடப்பக்கத்தால் நுழைந்தார். கொஞ்ச நேரத்தில் வரிசை ஊரத் தொடங்கியது. பஸ் சாரதியின் முகம் கண்ணாடியில் தெரிந்தது. சிக்னல் போட்டு, வலப்பக்கமாக மெல்லப் போனேன். பஸ்ஸின் மூக்கைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால், அந்த மனிதர் பஸ்ஸுக்கும் கானுக்கும் நடுவில், முன்னுக்கும் ஏலாமல் பின்னுக்கும் ஏலாமல் செருகுப்பட்டு நின்றார்.

ஆஸ்பத்திரி என்ற சொல்லைச் சொல்ல எனக்கு வாய் வராது. வேறு ஒன்று கேட்டேன்.

"நித்திரையோ அண்ணை?"

சத்தமாகத்தான் கேட்டேன். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள்.